சுப்பம்மாக்கா விருந்து வைத்த புதன்கிழமை

சுப்பம்மாக்காவின் வீட்டுக்குப் பசியோடு போய்ப் பசியோடு திரும்பியவர் வன்னியின் தருமபுரத்தில் ஒருவரும் இல்லை. அந்த வீட்டில் அப்படி என்னதான் இருந்தது என்று கேட்டால், அதுவும் ஒருவருக்கும் தெரியாது. எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து உடுத்த சேலையோடு வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறியவர் அவர். வந்த அன்றைக்கு யாரோ கொடுத்த பாண் ரொட்டியில் பாதியைப் பிய்த்து, கொடுத்தவருக்கே நீட்டினாராம். இருபது வருடமாகியும் அந்தக் குணம் மாறவில்லை.

தொண்ணூற்றேழில் அவர் எங்கள் மாதர் சங்கத்தின் தலைவி. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஆசிரியையான நான் செயலாளர். கூட்டத்தில் பேசச் சொன்னால், "டீச்சர் பேசுவாங்க" என்று என்னைத் தள்ளிவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விடுவார். சங்கத்துக்கு இருந்த வேலை ஒன்றுதான். இடம்பெயர்ந்து வந்து மரங்களுக்குக் கீழே கிடந்த குடும்பங்களின் சின்னப் பிள்ளைகளுக்கு மத்தியானம் கஞ்சி காய்ச்சி ஊற்றுவது. அரிசி தந்த கமக்காரர்களுக்கே அந்த வருடம் விளைச்சல் இல்லை. கடைசி மூட்டையும் பாதியாகியிருந்தது.

அப்போதுதான் அன்னபூரணி நிதியத்துக்கு எழுதிப் போட்டேன். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் சேர்ந்து நடத்திய நிதியம் அது. தாங்களாக எதையும் தொடங்கமாட்டார்கள். ஊரில் ஏற்கெனவே வேலை செய்கிற சங்கங்களை நேரில் வந்து பார்த்து, தேவையுள்ளவற்றுக்குக் கைகொடுப்பார்கள். யோகலிங்கம் என்ற அலுவலர் புதன்கிழமை வருவார் என்று பதில் வந்தது.

"அக்கா, வாறவருக்கு வெறும் பானையைக் காட்டுங்கோ. அது போதும்," என்றேன்.

"என்னா டீச்சர் பேசுறீங்க? வீட்டுக்கு வாறவங்களுக்கு வெறும் பானையவா காட்டுவாங்க?"

தனக்கென்று ஒரு நெருப்புக்குச்சி கேட்டறியாதவர், விருந்தாளி வருகிறார் என்றால் ஊரையே கேட்டுவிடுவார். கடைக்காரத் தவராசாவிடமிருந்து கதிரைகள் வந்தன. வடிவம்மாவிடமிருந்து பூப்போட்ட கோப்பைகள் வந்தன. ராஜினியின் கோழி தன் காலாலேயே நடந்து வந்தது, பாவம். கஞ்சி அரிசியிலும் கொஞ்சம் அள்ளிச் சோறாக்கினார். நான் முறைத்தேன். அவர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். பிள்ளைகளை மட்டும் முகம் கழுவித் தலைசீவி, பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோய் இருத்திவிட்டார்.

"அவர் பாக்க வாறதே இந்தப் பிள்ளையளைத்தானே அக்கா!"

"பசிச்ச புள்ளைங்க பாத்துக்கிட்டு நின்னா, அவரு எப்படிச் சாப்பிடுவாரு?"

யோகலிங்கம் நன்றாகவே சாப்பிட்டார். கை கழுவ முன்னர், "சங்கத்துக்கு என்ன குறை, அக்கா?" என்று கேட்டார்.

"ஒரு கொறையும் இல்லீங்க," என்றார் சுப்பம்மாக்கா.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அரிசி முடியப்போகுது," என்றேன்.

யோகலிங்கம் தன் தட்டில் கிடந்த கோழிக்காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பகிடி விடாதேங்கோ டீச்சர்," என்று சிரித்தார். "நீங்கள் நல்லாத்தான் இருக்கிறியள். உங்களைவிடக் கஷ்டப்பட்ட இடங்களை முதல்லை பாப்பம்."

"ஆமாங்க, பாவம். அவங்களுக்கே குடுங்க," என்றார் எங்கள் தலைவி. எனக்குத் தலையிலடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

எங்களைக் காப்பாற்றியது யோகலிங்கத்தின் மோட்டார் சைக்கிள்தான். பொருளாதாரத் தடை இருந்த அந்தக் காலத்தில் வன்னியில் பெற்றோல் ஏது? மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய அந்த வண்டி, குறுகிய ஒழுங்கை திரும்பும் முடக்கில் நின்றுவிட்டது. யோகலிங்கம் அதை உருட்டிக்கொண்டு திரும்பி வந்தார். வழியில், அவர் சற்றுமுன் உட்கார்ந்திருந்த கதிரை தவராசாவின் சைக்கிள் கரியரில் ஏறி எதிரே வந்தது. பின்னால் அவர் தேநீர் குடித்த கோப்பை, வடிவம்மாவின் பனையோலைக் கடகத்தில் போய்க்கொண்டிருந்தது.

முற்றத்துக்கு வந்தபோது பிள்ளைகள் தகரப் பேணிகளோடு வரிசையில் நின்றார்கள். சுப்பம்மாக்கா அகப்பையோடு திகைத்துப்போனார்.

"போனவங்க ஒரு வார்த்த சொல்லாம திரும்பி வரலாமுங்களா?" என்று சத்தம் போட்டார்.

சத்தம் போட்டாலும் வெயிலில் வந்த மனிதரைச் சும்மா விட முடியுமா? விறகுக் குத்தியொன்றில் இருத்தி, தன் பங்குக் கஞ்சியைச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தார். யோகலிங்கம் மரியாதைக்காகக் குடித்தார். உடனே, "இன்னுங் கொஞ்சம்" என்று சுப்பம்மாக்கா பானையிலிருந்து இரண்டாம் முறையும் ஊற்றிவிட்டார். பிறகு வரிசை நகர்ந்தது. கடைசியாக நின்ற சின்னஞ்சிறு சுமித்திரா பேணியை நீட்டியபோது, அகப்பை பானையின் அடியைச் சுரண்டியது. பிள்ளை அழவில்லை. தன் பேணியைப் பார்த்தாள், பிறகு யோகலிங்கத்தின் கையிலிருந்த சிரட்டையைப் பார்த்தாள்.

"அக்கா, இப்ப சொல்லுங்கோ," என்றார் யோகலிங்கம் மெதுவாக. "என்ன குறை?"

"ஒண்ணும்..." என்று தொடங்கிய சுப்பம்மாக்கா சுமித்திராவைப் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார்.

"நீங்க கையில வச்சிருக்கிறது இந்தப் புள்ளையோட கஞ்சிங்க."

சொல்லிவிட்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். விருந்தாளிக்குச் சாப்பாட்டைச் சொல்லிக்காட்டிவிட்டேனே என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் பக்கத்தில் இருந்து அழுதேன். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு வந்த அன்பு, அதற்கு முன்பு எவர்மேலும் வந்ததில்லை. யோகலிங்கம் இன்னும் வாய் வைக்காத அந்தக் கஞ்சியைச் சுமித்திராவின் பேணியில் ஊற்றினார்.

அடுத்த கிழமையே நிதியத்தின் அரிசி மாட்டுவண்டியில் வந்தது. "எங்களவிடக் கஷ்டப்பட்டவங்களுக்குக் குடுத்தாச்சுங்களா?" என்று வண்டிக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் சுப்பம்மாக்கா மூட்டைகளை இறக்கவிட்டார்.

அதன்பின் யோகலிங்கம் ஒருபோதும் சொல்லிவிட்டு வந்ததில்லை. வந்தால் வரிசையின் கடைசியில், சுமித்திராவுக்குப் பின்னால், தானும் ஒரு பேணியோடு நிற்பார். "ஐயாவ இப்படி நிக்க வைக்கிறோமே, ஒரு கதிரகூட இல்லாம," என்று சுப்பம்மாக்கா புலம்பிக்கொண்டே இருப்பார். ஆனால் அகப்பை முதலில் பிள்ளைகள் பக்கம்தான் போகும்.