புதியாப்பிளையின் தட்டு

அந்தி மஃரிப் பாங்கு ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் இம்பிச்சிபீவி ஒரு காரியம் செய்வாள். இரும்புக் கரண்டியில் ஒரு சொட்டு நெய்யை விட்டு அடுப்பில் காட்டுவாள். அது புகையத் தொடங்கியதும் மாடிப்படியின் அடிக்குக் கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்புவாள். பார்க்கிறவர்களுக்குப் பேயோட்டுவதுபோல இருக்கும் என்பதால் யாரும் பார்க்காத நேரமாகத்தான் செய்வாள். பிறகு சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொள்வாள்.

புருஷன் அஸ்ஸன்கோயா செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கும். படியேறுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தங்களுக்கு நடுவே அவருடைய மூச்சு இருக்கிறதே, அதைத்தான் அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். பாதிப்படியில் அவர் நின்றுவிட்டால் இவளுக்குக் கை கால் ஓடாது. மறுபடி காலடி கேட்கிறவரைக்கும் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டே நிற்பாள்.

"என்ன, இன்னைக்கு வாசல்லயே நெய் மணக்குது?" என்பார் அவர், மேலே வந்ததும்.

"உங்களுக்கு மணக்காம யாருக்கு மணக்கும்?" என்பாள் இவள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

அவர் முன்னால் வைக்கப்படுகிற எதிலும் அந்த மணத்துக்கு உரிய நெய் இருக்காது.

குற்றிச்சிறைக் குளத்தைச் சுற்றியிருக்கிற பழைய கோயா வீடுகளில் பெண்கள் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. பொழுது சாய்ந்ததும் மருமகன்தான் மனைவி வீட்டுக்கு வருவான். காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு கடைக்குப் போவான். தலை நரைத்துப் பேரப்பிள்ளை எடுத்தாலும் அந்த வீட்டில் அவனுக்குப் பெயர் புதியாப்பிளதான். நாள் தவறாமல் வருகிற விருந்தாளி. அவன் தட்டில் வெறும் இடம் தெரியக்கூடாது. அவன் போதும் என்று சொல்லக்கூடாது. சொன்னாலும் பரிமாறுகிறவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளக்கூடாது. தட்டு இளைத்துப்போன வீட்டைப் பற்றிக் குளத்தின் அடுத்த கரையில் விடிவதற்குள் பேச்சு வந்துவிடும். இந்த மரியாதையைத் தின்றே எத்தனை ஆம்பிளைகள் போய்ச் சேர்ந்தார்கள் என்று யாரும் யோசித்தது கிடையாது. யோசிக்கிறவளை மரியாதை தெரியாதவள் என்று சொல்லிவிடுவார்கள்.

போன மழைக்காலத்தில் வலியங்காடிக் கொப்பரைக் கடையில் உட்கார்ந்திருந்த அஸ்ஸன்கோயா திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் சரிந்தார். பிழைத்ததே பெரிய விஷயம். அடைப்பைச் சரிசெய்த டாக்டரம்மாள் சின்ன வயதுக்காரி. நாக்கு மட்டும் நீளம்.

"வீட்டுல யாரு சமையல்?" என்று கேட்டாள்.

"நாந்தான்."

"அப்ப மருந்தும் நீங்கதான். விஷமும் நீங்கதான். நெய், பொரியல், தேங்காய்ப்பால், எல்லாத்தையும் கொறைங்க. இன்னொரு தடவை வந்தா ஆஸ்பத்திரி வரைக்கும் வர நேரம் இருக்காது."

இம்பிச்சிபீவி தலையாட்டினாள். அவள் கல்யாணமாகி வந்த, இல்லை, அவருக்குக் கல்யாணமாகி அவர் வந்த நாளிலிருந்து அவருக்குப் பிடித்ததைத் தவிர வேறொன்றும் சமைக்கக் கற்றுக்கொள்ளாதவள். நெய்ச்சோறு, நிறைச்ச கோழி, கோதுமையும் கறியும் சேர்த்துக் குழைத்த அலீசா, நேந்திரம்பழத்தில் பூரணம் வைத்த உன்னக்காய். இவைதான் அவளுடைய படிப்பு. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போது அவளுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. காரணம் டாக்டரம்மாள் சொன்னது மட்டுமல்ல. அதைக் கேட்ட அதே நொடியில் வேறொரு நினைப்பும் வந்து சேர்ந்துவிட்டது.

அது அவளுடைய இத்தாத்தாவைப் பற்றியது. கதியாபி இம்பிச்சிபீவிக்கு அக்கா. அந்த வீட்டின் அடுப்புக்கு அரசி. அவளுடைய புதியாப்பிள போக்கர்கோயா ஒரு பெருநாள் மத்தியானம் அலீசாவும் நெய்ச்சோறும் நிறைச்ச கோழியும் சாப்பிட்டு, கை கழுவப்போன இடத்திலேயே சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தார். அப்படியே போய்விட்டார். அதற்கப்புறம் கதியாபிக்கு மிச்சமிருந்த ஒரே ஆறுதல் ஒரு வாக்கியம்தான். துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னாள், வராதவர்களிடம் தேடிப்போய்ச் சொன்னாள்.

"வயிறு நெறஞ்சு போனாரு. கடைசிப் பிடியும் என் கையால வச்சதுதான். இந்த வீட்டுல அவருக்கு ஒரு கொறை வச்சதில்ல."

அந்தச் சாப்பாட்டையும் அந்தச் சாவையும் சேர்த்து வைத்து அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. இப்போது இம்பிச்சிபீவி வாயைத் திறந்து, நெய் ஆளைக் கொல்லும், டாக்டர் சொன்னார் என்று சொன்னால், இத்தாத்தாவைப் பார்த்து என்ன சொன்னதாக ஆகும்? சொல்லாமல் நெய்யை ஊற்றினால் அஸ்ஸன்கோயாவுக்கு என்ன ஆகும்? இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் மூன்றாவதாக ஒரு வழியைப் பிடித்தாள். சொல்லாமலே குறைப்பது என்று முடிவெடுத்தாள்.

"எம் புதியாப்பிளைக்கு இனிமே நானே சமைக்கிறேன் இத்தாத்தா. நேர்ச்சை வச்சிருக்கேன்" என்றாள். நேர்ச்சை என்றதும் கதியாபி வாய்மூடிக்கொண்டாள்.

அரிசியை நெய்யில் வறுக்காமல் பட்டை கிராம்பு ஏலக்காய் போட்ட தண்ணீரில் வேகவைத்து வடித்தாள். வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து வெயிலில் வாட்டி, அடிகனமான சட்டியில் சொட்டு எண்ணெய்விட்டு, பக்கத்திலேயே நின்று பொறுமையாகச் சிவக்கவைத்து அதன் மேலே தூவினாள். பார்க்க நெய்ச்சோறேதான். கோழியின் தோலை உரித்து, மசாலா நிறைத்து, ஆவியில் வேகவைத்துவிட்டு மண்சட்டியில் புரட்டிப் புரட்டி நிறம் ஏற்றினாள். உன்னக்காயை எண்ணெயில் முக்கிப் பொரிக்காமல் தோசைக்கல்லில் உருட்டினாள். முதல் நாள் அது வெடித்துப் பூரணம் வெளியே வந்து கல்லில் ஒட்டியது. சுரண்டி எடுத்துத் தானே தின்றுவிட்டு மறுபடி உருட்டினாள். கறியில் தேங்காய்ப்பாலுக்குப் பதில் வதக்கிய வெங்காயத்தை அரைத்துக் கெட்டியாக்கினாள். உப்பு குறைந்தது தெரியாமலிருக்க எலுமிச்சை பிழிந்தாள்.

அஸ்ஸன்கோயா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். நல்லாயிருக்கு என்றும் சொல்லவில்லை, நல்லாயில்லை என்றும் சொல்லவில்லை. கண்டுபிடித்துவிட்டாரோ? தன்னை மட்டமாக நடத்துகிறார்கள் என்று மனசில் வைத்திருக்கிறாரோ? அவளுடைய பெரியம்மாவின் புதியாப்பிளைக்கு ஒரு நாள் முந்தின நாள் சுட்ட அரிசிப் பத்திரியைச் சுடவைத்துக் கொடுத்துவிட்டார்கள். அவர் சாப்பிட்டு எழுந்து போனவர்தான், அந்தப் படியை அப்புறம் மிதிக்கவேயில்லை. பெரியம்மா சாகும்வரை மஃரிப் ஆனால் ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

ஆளைக் காப்பாற்றப் போய் ஆள் வராமலே போய்விடுவாரோ என்ற பயம் அவளை அரித்தது. பற்றாக்குறைக்கு அவர் மத்தியானச் சாப்பாடு தன் பிறந்த வீட்டில், தங்கை உமைபா கையால். இங்கே குறைந்ததை அங்கே நெய்யாக ஊற்றிக்கொள்கிறாரோ என்ற சந்தேகம் வேறு.

மாட்டிக்கொண்டது நெய் டின்னால்தான். மாதம் பிறந்ததும் கதியாபி புது டின்னுக்கு ஆள் அனுப்பப் போனாள். பழைய டின்னைத் தூக்கிப் பார்த்தால் கழுத்து வரைக்கும் நெய் கிடக்கிறது. அப்படியே அதைக் கொண்டுவந்து இம்பிச்சிபீவியின் முன்னால் வைத்தாள்.

"என்ன இது?"

"நெய்."

"அது எனக்கும் தெரியும். நேர்ச்சைன்னியே, இதானா உன் நேர்ச்சை? புதியாப்பிளைக்கு வெறுஞ்சோறு போட்டு வாசல்ல மணத்தைக் காட்டி ஏமாத்தியிருக்க. உனக்கு வெக்கமா இல்ல?"

டாக்டரம்மாள் சொன்னது இம்பிச்சிபீவியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இத்தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள். விழுங்கிவிட்டாள்.

"உடம்பு சரியில்லாத மனுசன்னு கொஞ்சம்…"

"உடம்பு சரியில்லாதவனுக்குத்தான் தெம்பா போடணும். ஊரு என்ன சொல்லும்? கதியாபி வீட்டுல பஞ்சம்னு சொல்லுமா, கதியாபி செத்துட்டான்னு சொல்லுமா? நீ தள்ளு." கதியாபி கையோடு போனை எடுத்துக் கடைக்கே பேசினாள். "புதியாப்பிள, இன்னைக்கு நானே சமைக்கிறேன். நிறைச்ச கோழி, நெய்ச்சோறு. நேரத்தோட வந்துடணும்."

அன்றைக்குப் பகல் முழுக்க அந்த வீட்டில் நெய் உருகியது. இம்பிச்சிபீவிக்குப் பிடித்த மணம்தான். அன்று குமட்டியது. தட்டைத் தட்டிவிடலாமா, கோழியில் உப்பை அள்ளிக் கொட்டலாமா என்று என்னென்னவோ யோசித்தாள். ஒன்றுக்கும் துணிச்சல் வரவில்லை.

பாங்கு சொல்லியாயிற்று. செருப்புச் சத்தம் கேட்கவில்லை. தொழுது முடித்தாள். கேட்கவில்லை. போன் அடித்தாள், மணி போய்க்கொண்டே இருந்தது. கடைக்கு அடித்தாள். அங்கேயும் எடுப்பாரில்லை. கதியாபி தட்டை ஒழுங்குபடுத்தியபடி, "வருவாரு, வராம எங்க போவாரு" என்றாள். இம்பிச்சிபீவியின் கண்ணுக்குள் மூட்டைமேல் சரிந்த உடம்பு வந்து நின்றது. அதைத் தள்ளினால் பெரியம்மாவின் ஜன்னல் வந்து நின்றது.

அழைக்காமல், வெறுங்கையோடு, அதுவும் விளக்கு வைத்த பிறகு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற பெண் அந்தக் குளக்கரையில் கிடையாது. இம்பிச்சிபீவி முக்காட்டுத் தட்டத்தைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் படியிறங்கினாள். ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் காலில் செருப்பில்லை என்று தெரிந்தது. உமைபா வீட்டு முன்னால் கூட்டம் நிற்கிறதா என்று முனையிலிருந்தே எட்டிப் பார்த்தாள். கூட்டம் இல்லை. அதனால் நிம்மதி வந்துவிடவில்லை.

கதவைத் திறந்த உமைபா அப்படியே நின்றாள். "இத்தா, நீங்களா? என்னாச்சு?"

"அவரு…"

"உள்ள இருக்காரு. வாங்க."

அஸ்ஸன்கோயா சமையல்கட்டுப் பலகையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு கிண்ணம் கஞ்சியும் கொஞ்சம் சிறுபயறும். பலாயிலைக் கரண்டியை வாய்க்குப் பாதிதூரம் கொண்டுபோனவர் இவளைப் பார்த்ததும் திருட்டுத்தனம் செய்து பிடிபட்டவரைப்போல நிறுத்தினார்.

இம்பிச்சிபீவி தரையிலேயே உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே கோபப்பட்டாள்.

"போனை எடுத்தா என்ன? நான் செத்துச் செத்துப் பொழைக்கிறேன். எங்க வீட்டுச் சோறு எளப்பமா போச்சுன்னு வாயால சொல்லியிருக்கலாம்ல?"

"யாரு சொன்னா எளப்பம்னு?" என்றார் அவர். "நீ படிக்கட்டுல கரண்டியைச் சுத்துறது மொத நாளே எனக்குத் தெரியும். தெருமுனையில நின்னு பாத்தேன்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? புதியாப்பிள வாய்விட்டு, எனக்குச் சோத்தைக் கொறைச்சு வைங்கன்னு கேக்க முடியுமா? நீயா கொறைச்ச. அல்ஹம்துலில்லாஹ்னு சாப்பிட்டேன்." கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "இன்னைக்கு உங்க இத்தாத்தா போன் பண்ணுச்சு. நிறைச்ச கோழின்னு சொன்னதும் இங்க ஒரு மாதிரி ஆயிடுச்சு." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "வந்தா சாப்பிடணும். போதும்னா விடாது. அதான் வரல. எனக்குப் பயமா இருக்கு இம்பிச்சி."

இத்தனை வருஷத்தில் அவர் அந்த வார்த்தையை அவளிடம் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூடச் சொல்லவில்லை.

"நீ போ. தலைவலின்னு சொல்லிடு" என்றார்.

சரி என்றுதான் அவளும் கிளம்பினாள். வழியெல்லாம் அந்தத் தலைவலியை மனப்பாடம் பண்ணிக்கொண்டே வந்தாள்.

கதியாபி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மூடி திறந்த பாத்திரத்தில் கோழி மினுமினுவென்று நெய்யில் மிதந்துகொண்டிருந்தது. இவளைத் தனியாகப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"வரலையா?"

"தலைவலியாம்."

"தலைவலியா? கோவம்டி அது. பண்ணினது எல்லாம் நீ. பரவாயில்ல, நானே கொண்டுபோய் வச்சு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுறேன். ஒரு வாய் சாப்பிட்டா கோவம் எறங்கிடும்." சொன்னபடியே கதியாபி எழுந்து பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கினாள்.

இம்பிச்சிபீவி குறுக்கே வந்து பாத்திரத்தின் பிடியைப் பிடித்துக்கொண்டாள். கை சுட்டது. விடவில்லை.

"கொண்டு போகாதீங்க இத்தாத்தா."

"ஏன்?"

"அவரு கோவத்துல இல்ல. பயத்துல இருக்காரு."

"எதுக்குப் பயம்?"

"இதைச் சாப்பிட. இன்னொரு தடவை வந்தா நேரம் இருக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வாசல் வரைக்கும் வந்தா நம்ம வச்சதைச் சாப்பிடாம எந்திரிக்க முடியாதுன்னு, அங்க உக்காந்து கஞ்சி குடிக்கிறாரு."

கதியாபி ஏதோ திட்டுவதற்கு வாயெடுத்தாள். அவள் கண் கோழியைவிட்டு நகர்ந்து, கை கழுவுகிற முற்றத்துப் பக்கம், போக்கர்கோயா பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அந்தச் சுவரின் மேல் போய் நின்றது. இம்பிச்சிபீவி இத்தனை நாளாக எதற்குப் பயந்தாளோ அது கண் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது.

"அவரு போதும்பாரு" என்றாள் கதியாபி. "கடைசி நாள்ல தெனமும் சொன்னாரு. போதும் கதியா, போதும் கதியான்னு. மரியாதைக்குச் சொல்றாருன்னு நெனச்சு இன்னும் ஒரு கரண்டி வைப்பேன்."

கதியாபியின் கண் சுவரைவிட்டு இம்பிச்சிபீவியின் முகத்துக்கு வந்தது.

"அவரும் பயந்துகிட்டேதான் சாப்பிட்டாரா, இம்பிச்சி?"

பாத்திரம் இருவர் கையிலும் இருந்தது. கதியாபியின் பக்கத்துப் பிடி முதலில் தளர்ந்தது.