ஒரு போனில் கைமாறிய பாப்பாவும் எங்கள் அண்ணனும்

அண்ணனைப் பற்றி எழுதும்போது, "யாரையும் கடிந்து ஒரு சொல் பேசாதவர், சாந்தமே உருவானவர்" என்று போடும்படி உறவினர்கள் சிலர் கேட்டுக்கொண்டார்கள். போட மாட்டேன். கடைசி இரண்டு வருடங்கள் அவர் கோபமாகத்தான் வாழ்ந்தார். அதில் நியாயம் இருந்தது. அதை மறைத்துவிட்டு மாலை போட்ட படத்தை மட்டும் அச்சடித்துக் கொடுப்பதானால் இந்த நினைவு மலரே வேண்டாம்.

அண்ணன் பிறந்தது ஜவ்வாது மலையில், ஆலங்காயத்திலிருந்து மேலே ஏறும் பாதையில் உள்ள எங்கள் ஊரில். வீட்டுக்கு அவர் மூத்த பிள்ளை, நான் கடைசி. எட்டாவதோடு அவர் படிப்பு நின்றது. சாமை விதைத்தார், புளி உலுக்கினார், பிறகு ஒரு மினிடோர் வண்டி வாங்கினார். மலையிலிருந்து புளி மூட்டைகளைக் கீழே இறக்கிவிட்டு, திரும்பும்போது ஊர்க்காரர்களை ஏற்றி வருவார். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஓர் அவசரத்துக்கு அந்த வண்டியில் போனவர்கள்தான். என்னைத் தையல் படிக்க வைத்து ஆலங்காயத்தில் கடை வைத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

அண்ணனுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பாப்பா பிறந்தாள். பிறந்தபோது அழவில்லை. மாதங்கள் போயும் கழுத்து நிற்கவில்லை. மூளை முடக்குவாதம் என்று டாக்டர் சொன்னார். ஊர் என்ன சொன்னது என்பதை எழுத எனக்குக் கை கூசுகிறது. சொன்னவர்களுக்குத் தெரியும்.

அடிவாரத்து ஊர் ஒன்றில், இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மூன்று வயது வரை பயிற்சி கொடுக்கும் மையம் ஒன்று இருக்கிறது. வாரம் தவறாமல் அண்ணனும் அண்ணியும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அங்கிருந்த டீச்சர் அவர்களை வெளியே உட்கார வைக்கவில்லை. பாயில் பக்கத்திலேயே உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் அவர்கள் கையாலேயே செய்யவைத்தார். முக்கியமாகச் சோறு ஊட்டுவது. பாப்பாவை நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். தலை பின்னால் சாயக்கூடாது, மோவாய் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். ஊட்டுபவர் எதிரில், அவள் கண்ணுக்கு நேராக உட்கார வேண்டும். தண்ணீராய் ஓடும் எதையும் கொடுக்கக்கூடாது. சாமைச் சோற்றைக் குழையக் குழையப் பிசைந்து, சின்னக் கரண்டி நுனியில் எடுத்து, விழுங்கிவிட்டாளா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய். இது தவறினால் சோறு நுரையீரலுக்குள் போய்விடும். அண்ணன் இதை முழுசாகக் கற்றுக்கொண்டார். கியர் போட்டுக் காய்த்துப்போன அந்தக் கை அவ்வளவு பொறுமையாக ஊட்டும்.

பாப்பாவுக்கு மூன்று வயது முடிந்தது. இனி அவள் போக வேண்டிய இடம், மலையிலேயே புதிதாகத் திறந்திருந்த அடுத்த மையம். வீட்டுக்குப் பக்கம், காலையில் விட்டுவிட்டு வந்தால் சாயங்காலம் கூட்டி வரலாம். எல்லோரும் "நல்லதாப் போச்சு" என்றார்கள். நல்லதாகத்தான் போயிருக்க வேண்டும். ஒரு குழந்தையை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுவதென்றால், இரண்டு இடத்து ஆட்களும் பெற்றவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசவேண்டாமா? ஒருத்தரும் உட்காரவில்லை. கீழ் மையத்து அலுவலகத்திலிருந்து மேலே ஒரு போன். "ஒரு குழந்தை வருது, சேர்த்துக்கங்க." அவ்வளவுதான். பாப்பாவைத் தூக்கி வளர்த்த டீச்சருக்கே அவள் போன பிறகுதான் தெரியும்.

இங்கே எங்கள் மலைக்காரர்களுக்கே உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அலுவலகம் என்று ஒன்று இருந்தால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்போம். கேட்டால் சொல்வோம், கேட்காவிட்டால் சொல்ல மாட்டோம். நாமாக வாயைத் திறந்தால் மரியாதைக் குறைவு என்று நினைப்பு. முதல் நாள் அண்ணனும் அப்படித்தான் நின்றார். கீழே இருந்து எல்லாம் சொல்லியிருப்பார்கள் என்று நம்பினார். அவர்களோ, ஏதாவது இருந்தால் பெற்றவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள்.

அந்த வாரமே பாப்பாவை மடியில் மல்லாத்திப் போட்டு ரசம் சாதத்தை ஊற்றியிருக்கிறார்கள். இருமியிருக்கிறாள். "அடம் பிடிக்குது" என்று சொல்லி இன்னும் ஊற்றியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தபோது நெஞ்சு கர்கர் என்றது. நிமோனியா. வேலூர் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்த அந்தக் குழந்தையை நான் பார்த்தேன். பிழைப்பாள் என்று டாக்டர்கள் உறுதியாகச் சொல்லவில்லை.

பிழைத்தாள். அவளை வீட்டில் விட்டுவிட்டு அண்ணன் நேராக மேல் மையத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். பொறுப்பிலிருந்த மேடம், "நீங்க இதெல்லாம் சொல்லவே இல்லையே" என்றார்.

"நீங்க கேக்கவே இல்லீங்களே" என்றார் அண்ணன். அன்று அவர் செருப்பைக் கழற்றவில்லை. "ஒரு மாட்ட வித்தாகூட நாங்க கூடவே போயி, அது இன்னா தின்னும், எந்தப் பக்கம் உக்காந்தா கறக்க வுடும்னு காட்டிட்டு வர்றோங்க. எம் பொண்ண ஒரு போன்ல தள்ளிவுட்டீங்க. அது மாட்டவிட கேவலமா?"

அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. கீழே சொல்லிக்கொடுத்த டீச்சர், மேலே பார்த்துக்கொள்ளப்போகிறவர்கள், பெற்றவர்கள், எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். பாப்பாவும் அங்கே இருக்க வேண்டும். அதுவரை பாப்பா வீட்டில்தான் இருப்பாள்.

இதற்கு எத்தனை சாக்கு சொன்னார்கள் தெரியுமா? டீச்சருக்கு மேலே வர அனுமதி இல்லை, மேடம் டிரெயினிங்கில் இருக்கிறார், மழை. இதைவிட நம் ஆட்கள் பேசியதுதான் எனக்கு ஆறவில்லை. "வண்டி ஓட்றவனுக்கு இன்னா இவ்ளோ கொழுப்பு? சேத்துக்கிட்டதே பெருசு, ஆபீசருங்ககிட்ட போயி மல்லுக்கு நிக்கறான்." இதைச் சொன்ன சித்தப்பாவுக்கும் இந்த மலர் ஒன்று போகிறது. நன்றாகப் படிக்கட்டும்.

கடைசியில் கூட்டம் நடந்தது. டீச்சரை அண்ணனே வண்டியில் ஏற்றிவந்தார். அண்ணி முன்னால் வந்தார். பாப்பாவை உட்காரவைத்து எல்லோர் முன்னிலும் சோறு ஊட்டினார். பிறகு கரண்டியை மையத்து ஆயாம்மா கையில் கொடுத்து, "இப்ப நீங்க குடுங்க, நான் பாக்கறேன்" என்றார். ஆயாம்மா பாப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து, கரண்டி நுனியில் கொஞ்சமாக எடுத்து ஊட்டினார். மூன்றாவது வாயில் பாப்பா சிரித்தாள். ஆரம்பத்தில் அண்ணி கூடவே இருப்பது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகுவது, டீச்சர் அவ்வப்போது வந்து பார்ப்பது என்று அன்று முடிவானது. இதை முதல் நாளே செய்திருந்தால் பாப்பா ஆஸ்பத்திரியில் கிடந்திருக்க மாட்டாள். அண்ணன் கடைசி வரை இதைச் சொல்லிச் சொல்லிக் கோபப்பட்டார்.

பாப்பா அங்கே நன்றாகத் தேறினாள். சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தாள். வண்டிச் சத்தம் கேட்டால் "ப்பா" என்றாள். சென்ற புளி சீசனில், மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆலங்காயம் போய்ச் சேருமுன்பே போய்விட்டார். எத்தனையோ பேரை ஏற்றி இறக்கிய அந்த வண்டியில், அன்று வேறு ஒருவர் ஸ்டியரிங் பிடித்தார்.

காரியத்தன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். சாப்பாடு முடிந்து பெரியவர்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். பாப்பாவை எங்கோ தூரத்தில் உள்ள விடுதியில் சேர்ப்பது என்று பேசி முடித்தார்கள். யாருக்கோ தெரிந்த இடமாம். போன் பண்ணியும் ஆயிற்றாம். மறுபடியும் போன். அண்ணி உள்ளே இருந்தார். அவரை ஒருத்தரும் கூப்பிடவில்லை. அண்ணன் யாரை எதிர்த்து நின்றாரோ, அவர்கள் செய்ததையே அவருடைய காரியத்தன்று அவர் ரத்தமே செய்தது.

நான் கத்துவதற்குள் அண்ணி பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். பந்தல் நடுவில் உட்கார்ந்தார். கூட்டத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அன்றும் உயரவில்லை. பெரியவர்களில் மூத்தவரைப் பார்த்துச் சொன்னார்.

"மாமா, இவள பத்திப் பேசணும்னா இவ இருக்கற எடத்துல பேசுங்க. இவளுக்கு ஒரு வேள சோறு குடுக்கத் தெரிஞ்சவங்க யாரு இங்க? அவங்க மொதல்ல பேசட்டும்."

அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

பாப்பா எங்கும் போகவில்லை. வரும் ஜூனில் எங்கள் ஊர்ப் பள்ளியோடு சேர்ந்த வகுப்புக்கு மாறப்போகிறாள். அதற்கான கூட்டத்துக்கு மையமே இந்த முறை அண்ணிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறது. அண்ணி முதலிலேயே பேசப்போவதாகச் சொல்கிறார். அண்ணன் இருந்திருந்தால் வண்டியைக் கழுவி நிறுத்தியிருப்பார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். மேலே வரக்கூடாது என்று சொல்லியும் வந்த டீச்சருக்கு, தெரியாததைக் கற்றுக்கொள்ள வெட்கப்படாத ஆயாம்மாவுக்கு, அண்ணன் போன பிறகும் பாப்பாவை மையத்துக்குத் தன் வண்டியில் ஏற்றிப்போகும் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. பந்தலில் கூடிப் பேசியவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

வருட நினைவுக்கு எல்லோரும் வருவீர்கள் என்று தெரியும். அண்ணனுக்குப் பிடித்ததையெல்லாம் வாங்கி வந்து படைப்பீர்கள். வேண்டாம், வெறுங்கையோடு வாருங்கள். பாப்பா மத்தியானம் சாப்பிடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வாருங்கள். அவளுக்கு எதிரில் உட்காருங்கள். அண்ணி கரண்டியை உங்கள் கையில் கொடுப்பார்.