நஷ்டத்துக்கு விற்காத வளையல் கடை

1. நடு அளவு

சாத்தூரில் நான் பதினெட்டு வருஷம் வேலை பார்த்த வளையல் கடை லாபத்தில் ஓடிக்கொண்டிருந்தபோதே மூடிப்போனது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, சொல்லித்தான் எழுத வைத்திருக்கிறேன். ஆனால் கட்டைவிரல் மூட்டை அமுக்கிப் பார்த்தால் கையின் அளவு ரெண்டு-ஆறா, ரெண்டு-எட்டா என்று சொல்லிவிடுவேன். முதலாளி காதர் பாய் அதற்காகத்தான் என்னைச் சேர்த்தார்.

கண்ணாடி வளையல் பெட்டியாக வரும். ஒரே பெட்டியில் எல்லா அளவும் கலந்திருக்கும். வேண்டிய அளவை மட்டும் பிரித்துக் கேட்டால் டஜனுக்கு விலை கூட. முதலாளி பெட்டியாகவே எடுப்பார். நடு அளவுகள் வந்த வாரமே தீர்ந்துவிடும். சின்னக் கைக்கான ரெண்டு-ரெண்டும் பெரிய கைக்கான ரெண்டு-பத்தும் மிஞ்சும். மிஞ்சியதைப் பரணில் ஏற்றிவிட்டு அடுத்த பெட்டியைப் பிரிப்போம்.

தீபாவளி போனஸ் வாங்கியதும் தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் வேன் பிடித்து வருவார்கள். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் அலுமினியப் பொடி மினுங்கும். அவர்கள் கை பிடித்து வளையல் போடுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஊர்க்கதை முழுக்க வரும். ஒரு வருஷம் நடு அளவு தீர்ந்துபோய், ஒருத்தியிடம் ரெண்டு-பத்தை நீட்டினேன்.

“எக்கா, இது வளையலா, பானைக்கு அடியில வைக்கிற பிரிமணையா?”

“கையத் தொங்கப் போடாம நடந்தா நிக்கும்த்தா.”

“அப்ப கையத் தூக்கிக்கிட்டே கம்பெனிக்குப் போகவா? போலீசுக்குப் பயந்து சரணடைய வந்திருக்கேன்னு போர்மேன் நெனைக்கவா?”

வேனில் வந்த அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டாள். பரண் நிறையச் சரக்கு, விற்க ஒன்றுமில்லை.

2. அட்வான்ஸ்

கடை இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் இறந்த பிறகு அவர் மகன்கள் வந்தார்கள். ஆடி முடிவதற்குள் அட்வான்ஸைக் கூட்டித் தர வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும் என்றார்கள். கடை போனால் முதலாளிக்கும் பிழைப்பு இல்லை, எனக்கும் இல்லை. அவர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

“ஏம்மா பொன்னுத்தாயி, நாம ஒரு டஜனக் கூட நஷ்டத்துக்கு வித்ததில்ல. பெறகு காசு எங்கன போச்சு?”

“அண்ணாந்து பாருங்க மொதலாளி.”

ஏணி போட்டு ஒவ்வொரு பெட்டியாக இறக்கினேன். கடைக்குள் நடக்க இடமில்லாமல் போனது. எல்லாம் ரெண்டு-ரெண்டும் ரெண்டு-பத்தும்.

“இம்புட்டுமா?”

“சம்பாதிச்ச லாபம் பூராவும் இதுதான்.”

அந்த வாரமே ஒரு கோயில்காரர் வந்தார். ஆடிப்பூரத்துக்கு அம்மனுக்கு வளையல் அலங்காரம். கோத்து மாலையாகப் போடுவதற்கு அளவு எதற்கு? மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவர் சொன்ன விலை, வாங்கின விலைக்குக் கீழே. ஆனால் அட்வான்ஸ் கட்டிவிடலாம்.

முதலாளி முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

“குடுங்க மொதலாளி. பரணுல இருந்து என்ன குட்டியா போடப் போவுது?”

“காதர் பாய் கொறச்சு வித்தாருன்னு பஜாருக்குள்ள ஒரு பேச்சு வந்தா, நாளைக்கு எல்லாப் பயலும் அதே வெலைக்குக் கேப்பான்.”

“நாளைக்குக் கட இருந்தாத்தான மொதலாளி கேப்பாக?”

பூரத்துக்கு முந்தின நாள் முதலாளி ஆட்டோ பிடித்து, அத்தனை பெட்டியையும் அதே கோயிலுக்குச் சும்மா அனுப்பி வைத்தார்.

“விக்கத்தான் மாட்டேன். குடுக்குறதுக்கென்ன?” என்றார்.

ஆடி முடிந்ததும் சாவியைக் கொடுத்தோம். அது நல்ல மனசு, நான் குறை சொல்லவில்லை. அம்மன் அன்று கழுத்து வரை வளையலோடு ஜம்மென்று இருந்தாள். நாங்கள்தான் தெருவில் நின்றோம்.

3. தள்ளுவண்டி

இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தள்ளுவண்டியில் வளையல் வைத்திருக்கிறேன். விலை கூடினாலும் பிரித்துத்தான் வாங்குகிறேன். ஒரு டஜனில் எனக்கு நிற்கும் லாபம் பாய் கடையை விடக் குறைவு. அப்படியும் கொஞ்சம் மிஞ்சும். அதை ஆடிக்கு ஆடி வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அந்தக் காசில் ரெண்டு-ஆறு வாங்கி வைப்பேன். கடை போடப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சரக்கில் எவ்வளவு லாபம் என்று பார்க்கிற அதே நேரத்தில், அது எப்போது காசாகும் என்றும் பாருங்கள். வாடகையை வளையலாக வாங்கிக்கொள்ள ஆள் கிடையாது.

போன ஆடியில் ஒரு கோயில் ஆள் வண்டியில் நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

“பாட்டி, இன்னும் பத்து ரூவா கொறைங்க.”

“ஏற்கெனவே நட்டத்துக்குத் தாரேன், இதுல இன்னும் பத்தா?”

பின்னால் யாரோ செருமினார்கள். காதர் பாய், தொழுகை முடிந்து வருகிறார். இப்போது மகனுடைய செல்போன் கடையில் உட்கார்ந்திருக்கிறார். மிஞ்சின வளையலை எடுத்து, பழக்கம் விடாமல் அளவு பார்த்தார். ரெண்டு-பத்து.

“குடுத்துரு பொன்னுத்தாயி, போகட்டும்” என்றார்.

அவர் வாயால் அந்த வார்த்தை வர, ஒரு கடை போக வேண்டியிருந்தது. நான் பத்து ரூபாயைக் குறைத்துக் கட்டிக் கொடுத்தேன்.