ஸ்டியரிங்கில் ஒரு கிளிப் குறைந்தது

ஓர்லின் ஸ்காக்ஸ்டாட் என்றால் மினசோட்டாவில் அந்த ஏரிப் பக்கம் தெரியாத பிள்ளை கிடையாது. ஆயுசெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள். பனி கொட்டினாலும் வண்டி நிற்காது, பின்னால் பிள்ளைகள் பூட்ஸால் அடித்துக்கொண்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். ஆனால் அத்தனை வருஷமும் ஓடினது ஒரே வட்டம். பண்ணை, பாலம், பள்ளிக்கூடம், திரும்பவும் பண்ணை. வேலையிலிருந்து நின்ற வாரமே, உள்ளேயே படுத்துத் தூங்கக்கூடிய ஒரு பழைய கேம்பர் வேனை வாங்கிவிட்டாள். வட்டம் போதும், இனி நேராக மேற்கே, கடல் வழிமறிக்கிறவரைக்கும் போவதென்று முடிவு.

தனியாகப் போக அவளுக்கு மனசில்லை. தங்கை வெர்னெலும் வர வேண்டும். வெர்னெலோ ஜூன் மாதத்திலேயே காலுறை போட்டுத் தூங்குகிற ஜாதி.

"ஒரே ஒரு ராத்திரி அந்தத் தகர டப்பாவுல நடுங்காம தூங்கி எந்திரிச்சேன்னா வரேன்க்கா. பல்லு கிட்டிச்சுன்னா வண்டிய டுவேனுக்கு வித்துரணும். சம்மதமா?" என்றாள்.

"சம்மதம்" என்று ஓர்லின் கையடித்துக் கொடுத்தாள். யோசித்துக் கொடுத்திருக்கலாம். அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

டுவேன் கிட்டல்சன் என்பவனும் பழைய வேன்காரன்தான். ஓர்லின் வண்டியைப் பார்க்கும்போதெல்லாம், பக்கத்து இலைப் பாயசத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பான்.

அக்டோபரில் பழைய வேன்காரர்கள் ஏரிக்கரையில் கூடுவார்கள். சோதனையை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். இந்த வண்டிகளின் வயிற்றுக்கடியில் தனியாக ஒரு ஹீட்டர் உண்டு. வண்டியின் பெட்ரோலையே கொஞ்சம் குடித்து, உள்ளே எரித்து, சூட்டை மேலே ஊதும். ஒழுங்காக இருந்தால் தாயார் மடி. கோணினால் மாமியார் வீடு.

மத்தியானமே ஓர்லின் கதவையெல்லாம் திறந்துவைத்துச் சுவிட்சைப் போட்டாள். அது இருமியது. செருமியது. பிறகு வண்டிக்கடியிலிருந்து வெள்ளைப் புகை சுருள்சுருளாகக் கிளம்பி, ஏரியை மறைத்து, பக்கத்து நாயையும் மறைத்தது. நாய் மட்டும் குரைத்துக்கொண்டிருந்தது.

"ஓர்லின், மீனப் புகையில வாட்டுறியா? எனக்கு ரெண்டு எடுத்து வையி" என்று புகைக்குள்ளிருந்து டுவேன் குரல் வந்தது.

அவள் சுவிட்சை அணைத்தாள். கூட்டம் கூடிவிட்டது. வேன்காரர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம்: போன வருஷம் எவனுக்கு எது கெட்டதோ, இந்த வருஷம் எல்லாருக்கும் அதுதான் கெட்டிருக்கும். பிளக் என்றான் ஒருவன். ஃபியூஸ் என்றாள் இன்னொருத்தி. பேட்டரியில் தெம்பில்லை என்றார் ஒரு தாத்தா, தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே. ஓர்லின் எஞ்சினை ஓடவிட்டு பேட்டரிக்குத் தெம்பு கொடுத்தாள். துருப்பிடித்த எர்த் ஒயரைத் தேய்த்தாள். பிளக்கைக் கழற்றித் துடைத்தாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒருதரம் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் புகை முன்னைவிடக் கொழுத்தது.

"சும்மா சும்மா போடாத. எரியாத பெட்ரோல் உள்ள தேங்கும்" என்று டுவேன் எச்சரித்தான். ஓர்லின் சூப் குடிக்க அந்தப் பக்கம் போனதும், ஆசை தாங்காமல் அவனே ஒருதரம் போட்டுப் பார்த்தான். தொப்பி வெள்ளையாகித் திரும்பி வந்தான்.

வெர்னெல் மடக்கு நாற்காலியில் போர்வைக்குள் உட்கார்ந்து, ராணி மாதிரி சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள்.

"டுவேனு, வண்டிக்கு என்ன கலர் அடிக்கப் போற?"

"பச்சை."

"அடிப்பே, அடிப்பே. என் பொணத்து மேல" என்றாள் ஓர்லின்.

"கோவப்படாதக்கா. இந்தா, சிப்ஸு."

பை மடித்து, நமுத்துப்போகாமல் கிளிப் போட்டிருந்தது. துணி காயப்போடுகிற சிவப்புக் கிளிப். ஓர்லின் நீட்டின கை அப்படியே நின்றது.

"இந்தக் கிளிப்பு ஏதுடி?"

"நேத்து உன் ஸ்டியரிங்ல ரெண்டு சும்மா தொங்கிட்டிருந்துச்சு. ஒண்ண எடுத்துக்கிட்டேன். அதுக்கென்ன இப்போ?"

சுற்றி நின்ற வேன்காரர்கள் அத்தனை பேருக்கும் மூச்சு நின்றது. வண்டியையோ ஹீட்டரையோ கொஞ்ச காலம் சும்மா போடும்போது எலியும் குளவியும் கூடு கட்டாமலிருக்க, குழாய் வாயில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை அடைப்பார்கள். அடைத்த வாய் ஒன்றுக்கு ஸ்டியரிங்கில் ஒரு கிளிப். மூளை மறக்கும், கிளிப் மறக்காது என்பது அவர்கள் வேதம். வெயில் காலத்துக்கு ஹீட்டர் வேண்டாமென்று வசந்தத்தில் ஓர்லின் அதில் இரண்டு வாய் அடைத்தாள், காற்று போகிற குழாய், புகை வருகிற குழாய். அன்று காலையில் ஸ்டியரிங்கைப் பார்த்தாள். ஒரு கிளிப். ஒரு வாயைத் திறந்தாள். இன்னொன்று இருக்குமோ என்று மனசு லேசாகச் சொன்னதுதான். வேதத்துக்கு எதிராக மனசு பேசலாமா?

அவள் வண்டிக்கடியில் பாய்ந்தாள். பூட்ஸ் இரண்டும்தான் வெளியே தெரிந்தன. புகைக்குழாயிலிருந்து கரி பிடித்த நார் உருண்டை ஒன்று, செத்த பெருச்சாளி மாதிரி வந்தது. தேங்கின பெட்ரோலை வடித்து, உலரவிட்டு, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி, சுவிட்சைப் போட்டாள்.

கடைசியாக ஒரு புகை. மிச்சமெல்லாம் சேர்ந்து கப்பல் கிளம்புகிற மாதிரி. பிறகு புகை மெலிந்தது, நின்றது. அடியில் கொதிக்கிற கெட்டில்போல ஒரு இரைச்சல். எல்லாரும் கரண்டியால் தட்டைத் தட்டினார்கள். டுவேனும் தட்டினான், கொஞ்சம் மெதுவாக.

"சூழ்ச்சிக்காரி. கிளிப்ப எடுத்து வண்டியக் கவுக்கப் பாத்தியா?" என்றாள் ஓர்லின்.

"சிப்ஸு நமுத்துச்சுன்னா நீதான் திட்டுவ" என்றாள் வெர்னெல்.

அன்று இரவு, ஹீட்டரிலிருந்து விஷவாயு கசிந்தால் அலறுகிற மணியைத் தலைமாட்டில் மாட்டிவிட்டு இருவரும் படுத்தார்கள். மணி வாய் திறக்கவில்லை. விடிந்தபோது ஏரியோரம் உறைபனி, ஜன்னலுக்கு வெளியே புல்லெல்லாம் வெள்ளை. ஓர்லின் ஓசைப்படாமல் திரும்பிப் பார்த்தாள். வெர்னெலின் போர்வை தரையில் கிடந்தது. அதன்மேல் ஒரு காலுறை. சற்றுத் தள்ளி இன்னொன்று.

ஓர்லின் எழுந்தாள். காபிக்குத் தண்ணீர் வைத்தாள்.

"அக்கா" என்றாள் வெர்னெல், கண் திறக்காமல். "ஜன்னலக் கொஞ்சம் திற. வேகுது."

பிறகு புரண்டு படுத்துக் கேட்டாள்: "கடல்கிட்ட சிப்ஸு கிடைக்கும்ல?"