சாப்பாட்டறைக் கிழவர்

என் சிநேகிதி ஜெசிந்தாவின் மகளுக்கு மன்னாரில் கலியாணம். ஆனால் இத்தாலியில், பலேர்மோவில் அவள் பராமரிக்கிற வீட்டுக்காரக் கிழவி சிஞ்ஞோராவுக்கு அறவே கண் தெரியாது, தனியே விடமுடியாது. "நீ போட்டு வா, நான் நிக்கிறன்" என்று சொல்லி, வேலை பழக அந்த வீட்டுக்குப் போனேன்.

சாப்பாட்டறைச் சுவரில் பெரிய ஆணி ஒன்றுதான் இருந்தது. அதில் முந்தி தொங்கியது முந்நூறு வருசத்துப் பழைய எண்ணெய் ஓவியமாம். கறுத்த பின்னணியில், முகத்தில் மட்டும் வெளிச்சம் விழுகிற ஒரு கிழவர், சிஞ்ஞோராவின் மூதாதை. போன வருசம் சிஞ்ஞோராவின் மகன் அதைக் களவாய் விற்றுப்போட்டான். தாய் அறிந்தால் உயிர் போய்விடும் என்று சொல்லி ஜெசிந்தாவின் வாயையும் கட்டிப்போட்டான். ஒவ்வொரு நாளும் காலையில் சிஞ்ஞோரா கிழவரைப் பற்றிக் கேட்பா. கிழவர் சுவரில்தான் இருக்கிறார் என்று இவள் சொல்லவேணும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கென்ன விசரே? அவன் செய்த களவுக்கு நீ ஏன் காவல் நிக்கிறாய்?"

"இதுக்குத்தான் உன்னை விட்டிட்டுப் போகப் பயமாக் கிடக்கு. உனக்குப் பொய் வராது. நான் கலியாணத்துக்குப் போகேல்லை."

தமிழ் விளங்காத சிஞ்ஞோரா எங்கள் சத்தம் கேட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பி இத்தாலியனில் கேட்டா. "புதுசாய் வந்தவளே, நீ சொல்லு. படத்திலை அவர் எங்கை பாக்கிறார்?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஜெசிந்தா என்னைப் பார்க்கவில்லை. வாசற்கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கதவைப் பாக்கிறார், சிஞ்ஞோரா."

கிழவி சிரித்தா. "எப்பவும் அப்பிடித்தான். ஆனால் எங்கையும் போகமாட்டார்."