கல் தெரிந்த மூன்று நாள்

மாம்புரிக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கடலுக்கடியில் ஒரு கல் பார், நீண்ட பாறைத்திட்டு, கிடக்கிறது. அதை மணல் மூடியிருக்கும்வரை கரைவலைக்காரருக்குக் கொண்டாட்டம். வலை எதிலும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வரும். என் அக்காவின் கணவர் றிப்தி மச்சானும் அந்த வலையை இழுத்துத்தான் பிழைக்கிறார். ஆனாலும் மணல் போய்க் கல் தெரியவேண்டும் என்று அந்தக் கரையில் ஏங்குகிற ஒரே ஆள் அவர்தான்.

காரணம் ஓர் அலை. யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன அலைச்சறுக்குப் பலகையொன்றை மச்சான் படகுக்குப் பூசுகிற ஃபைபரால் ஒட்டி வைத்திருக்கிறார். நாலு வருடத்துக்கு முன் ஓர் ஏப்ரலில் அதன்மேல் எழும்பி நின்று, பாரின் தென்முனையிலிருந்து வடமுனைவரை போனார். அலை மேற்கிலிருந்து வந்தால் பார் முழுக்க ஒரேயடியாக இடிந்து விழும்; சறுக்க இடமிருக்காது. தெற்கிலிருந்து சரிந்து வந்தால்தான் ஒரு முனையில் தொடங்கி, பாய் சுருட்டுவதுபோல மறுமுனைவரை உடையும். அதுவும் அடியில் கல் இருந்தால். மணலென்றால் நுரைத்துக் கலைந்துவிடும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுத் தொடங்குமுன் சில நாள்தான் இரண்டும் கூடிவரும். பிறகு வந்த மூன்று ஏப்ரலிலும் கூடவில்லை.

எங்கள் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான், புவியியல். விடிந்தால் மச்சான் வந்து நிற்பார். "டிகிரிக்காரர், இண்டைக்கு அலை எங்கால?"

போனில் பார்த்து, "மேற்கு" என்பேன்.

"அத என்ட கண்ணே சொல்லுது. இதுக்கா நாலு வருசம் படிச்சீங்க?"

இந்த ஏப்ரலில் அலை தெற்குக்குத் திரும்பியது. இரண்டு நாள் கடல் அடிமணலை உழுதது.

வலை போடுமுன் சுழியோடிக் கடலடி நிலத்தைப் பார்ப்பது மச்சானின் வேலை. அன்று மேலே வந்தவர் கத்தினார்: "சம்மாட்டி, மணல் பெய்த்து! கல்லு தெரியுது, வலயப் போடாதீங்க!"

வலைக்குச் சொந்தக்காரரான யோசேப்பு சம்மாட்டி சிரித்தார். "றிப்திக்குச் சோத்துப் பீங்கானுக்குள்ளயும் கல்லுத்தான் தெரியும். போன மாசமும் இதத்தானடா சொன்ன?"

சொன்னதுதான். ஒரு முழம் கல்லைக் கண்ட ஆசையில், பாரே திறந்துவிட்டதென்று சொல்லி அன்றைய வலைப்பாட்டைக் கெடுத்திருந்தார்.

வலையைப் போட்டார்கள். அது கல்லில் கொழுவி, மீன் சேரும் மடிவரை கிழிந்து வந்தது.

அந்த மீன்வாடியில் ஒரு வழக்கம் உண்டு: வலை கிழிந்தால், கடைசி முடிச்சு விழும்வரை அதை இழுத்தவர் எவரும் கடலில் கால் நனைப்பதில்லை. மச்சானும் ஊசியோடு குந்தினார். எதிரே அலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சுருண்டு சுருண்டு போனது. ஒவ்வோர் அலைக்கும் அவர் கை நின்றது.

மூன்றாம் நாள் சம்மாட்டிக்கே பொறுக்கவில்லை. "டேய், பலகய எடுத்துக்கொண்டு போ. நான் காணாத மாதிரி அங்கால பாத்துக்கொண்டு இருக்கிறன்."

"வேணாம் சம்மாட்டி. போன மாசம் நான் ஒழுங்காச் சொல்லியிருந்தா இண்டைக்கு நீங்க நம்பியிருப்பீங்க. இது என்ட கிழிசல்."

நாலாம் நாள் நண்பகலில் கடைசி முடிச்சு விழுந்தது. அதற்குள் கச்சான் எழும்பிவிட்டது. மேற்கிலிருந்து வந்த அலை, பார் முழுக்க ஒன்றாய் இடிந்துகொண்டிருந்தது. மச்சான் பலகையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பாருக்கு அப்பால் போய்ப் பலகையில் குந்தி, தெற்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும்வரை ஓர் அலைக்கும் அவர் எழும்பவில்லை.