பீச்சாங்கைக்கு மார்க் கிடையாது

அந்த சாரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் நல்லதைச் சொல்லாமல் விட்டால் வாய் அழுகிப்போகும். அதனால் முதலில் நல்லது.

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரேடியோவுக்குள் இருக்கிற சர்க்யூட் போர்டு செய்கிற சின்னக் கம்பெனி. திருமழிசையிலிருந்து பஸ் மாறிப் போவேன். எங்கள் வீட்டில் எல்லாரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். கம்பெனி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பயிற்சியில் தேறினால், வரிசையாக உட்கார்ந்து போர்டு செய்கிற லைனில் வேலை. தேறாவிட்டால் மறுபடி சேறுதான்.

எனக்கு முன்னால் சேர்ந்தவர்களுக்கு லைனில் இருந்த மூத்த அக்காதான் வாத்தியார். பிடித்தவளுக்குச் சொல்லித்தருவாள், பிடிக்காதவளை டீ வாங்க அனுப்புவாள். "எந்தத் தெருடி நீ?" என்பதுதான் அவளுடைய முதல் பாடம். நான் சேர்ந்தபோது பயிற்சிக்கென்றே ஒரு சார் வந்தார். அக்கா வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, அதைத் துண்டு துண்டாக நறுக்கிப் பாடமாக்கினார். ஒரு துண்டைச் செய்து காட்டுவார், செய்யச் சொல்வார், சோதிப்பார். வந்தால்தான் அடுத்தது, வராவிட்டால் திட்டாமல் மறுபடி அதே. தெருவைக் கேட்கவில்லை, சாமி! பள்ளிக்கூடத்தில் மக்கு என்று பெயர் வாங்கிய என் கைக்கும் ஈயம் உருகி, கம்பியைப் பிடித்துக்கொண்டு போர்டில் பளபளவென்று உட்கார்ந்தது. அந்த முறையை நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

கடைசிச் சோதனை வந்தது. அதுவரை முடிந்த போர்டை மட்டுமே பார்த்தவர், அன்றுதான் செய்கிற விதத்தைப் பார்த்தார். ஈயத்தை உருக்குகிற அயர்னை நான் இடது கையில் எடுத்தேன். பிறந்ததிலிருந்தே எனக்கு அந்தக் கைதான்.

"கையை மாத்தும்மா."

"இன்னா சார், எனக்கு இந்தக் கைதான் வரும். ஈயம் புடிச்சிருக்கிற ஜாயின்ட்டப் பாருங்க."

"ஜாயின்ட் நல்லாத்தான் இருக்கு. ஆனா வலது கைன்னுதானே பாடம்? உனக்கு மட்டும் மாத்தினா, எல்லாருக்கும் ஒரே முறைன்னு நான் எப்படிச் சொல்றது?"

லைனிலிருந்து அக்கா சிரித்தாள். "பீச்சாங்கையால தொட்ட ரேடியோ பாடுமாடி?"

ஒரே ஒருத்தியைப் பார்த்து எழுதிவிட்டு ஊருக்கே சட்டம் என்றால் என்ன நியாயம்? அவள் நடுவில் மூக்கைச் சொறிந்திருந்தால் அதையும் ஒரு பாடமாக்கி எங்களையெல்லாம் சொறியச் சொல்லியிருப்பாரோ? ரேடியோ பாடுவதற்காகத்தானே இத்தனை பாடமும்! அதை மறந்துவிட்டுப் பாடத்தைக் கட்டிக்கொண்டு அழுதால் யாருக்கு லாபம்?

வலது கையில் பழகிக்கொண்டு வரச் சொல்லி ஒரு வாரம் கொடுத்தார். வீட்டில் அயர்ன் ஏது? விறகுக் குச்சியைப் பிடித்துப் பழகினேன். அம்மா பார்த்துவிட்டு, "சோத்தாங்கைக்கு மாத்துன்னு சின்னதுலயே அடிச்சனே, கேட்டியா?" என்றாள்.

மறு சோதனையில் எல்லாம் வலது கை. துடைத்தேன், சூடாக்கினேன், ஈயம் வைத்தேன், எடுத்தேன். வரிசை எதுவும் தப்பவில்லை. ஆனால் அயர்ன் நழுவி விரலைச் சுட்டுக்கொண்டேன். ஈயம் மேலே ஒட்டினாற்போல் நின்றதே தவிர உள்ளே பிடிக்கவில்லை. எனக்கே அது தெரிந்தது. ஜாயின்ட்டுக்குப் போன சோதனையிலேயே மார்க் போட்டாயிற்றாம். இது செய்கிற முறைக்கு மட்டும்தானாம். "பாஸ்" என்றார். சந்தோஷமாகச் சிரிப்பு வேறு! எனக்கு ஆத்திரமாக வந்தது. வேலை போய்விடுமே என்று அந்தப் போர்டை அப்படியே அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை லைனில் உட்கார்ந்தேன். அங்கே யாரும் கையைப் பார்ப்பதில்லை, போர்டைத்தான் பார்ப்பார்கள். சோதனைக்குச் செய்த போர்டுகளைக்கூட வீணாக்காமல் லைனுக்கே அனுப்பியிருந்தார்கள். அக்கா ஒரு போர்டைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள்.

"எவ செஞ்சாளோ, ஒண்ணுகூட புடிக்கல. மொத சோதனைல நீ செஞ்ச ஜாயின்ட்டுதான் நிக்குது, இதையும் நீயே சரிபண்ணு."

நான் வலது கையால் பாஸ் வாங்கிய போர்டு அது. அயர்னை இடது கையில் எடுத்தேன்.